இப்னு பதூதாவும் அவர் வீட்டாரும்

பயணத்தால் புகழெய்திய முஸ்லிம்களுள் இப்னு பதூதா அவர்களின் பெயரை அறியாதார் நம்மில் அரியர். மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் பிறந்து, ஆப்பிரிக்காவின் வடகரை முழுவதையும் கடந்து, அரபகம், ஈராக், பாரசீகம், துருக்கி நாடு, இந்தியா, இலங்கை, சீனம் என்று கண்ட நாடுகளெல்லாம் அன்னாரின் நூலில் நிரல்பட நிற்கின்றன. தில்லியில் காழியாக வீற்றிருந்தவர். மாலத்தீவில் தீர்ப்பு வழங்கியவர். மதுரை சுல்தானின் அரசவையை நேரில் கண்டு நமக்குச் சொல்லிச் சென்றவர். அன்னார் சென்ற நாடுகளையும் கடந்த தொலைவையும் கணக்கிட்ட அறிஞர் பலர். அன்னார் விட்டுச் சென்ற வீட்டைக் கணக்கிட்டோர் மிகச் சிலரே. அந்த வீட்டின் கணக்கையே இக்கட்டுரை எழுத முயல்கிறது.

இக்கணக்கு நமக்கு அயலானதன்று. ‘ஸபர்’ என்னும் அரபுச் சொல் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பொருள் தேடிச் சென்றவரைச் ‘சபராளி’ என்றே நம் மக்கள் அழைத்தனர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்ததை அடுத்து வளைகுடா நாடுகளின் வாயில் அகலத் திறந்தபோது, பாட்டனார் சென்ற வழியில் பேரனும் சென்றான். திசை மட்டுமே மாறியது. வாப்பாவைப் புகைப்படத்தில் மட்டுமே அறிந்து வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்களில் பலர் உண்டு. ஆகவே அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சபராளியின் கதையை நாம் அக்கறையுடன் படித்தல் தகும்.

புறப்பாடு

ஹிஜ்ரி 725, ரஜப் மாதம் இரண்டாம் நாள். அதாவது 1325ஆம் ஆண்டு ஜூன் 14. அன்றுதான் இப்னு பதூதா தம் ஊரை விட்டுப் புறப்பட்டார். அப்போது வயது இருபத்தொன்று. தந்தையும் தாயும் உயிருடன் இருந்தனர். காழிகள் பலரைத் தந்த குடும்பம். மகனும் மார்க்கச் சட்டம் பயின்றவர். உடன் செல்லத் தோழருமில்லை, கூட்டமுமில்லை. ஹஜ்ஜை நிறைவேற்றி, பெருமானார் (ஸல்) அவர்களின் புனித அடக்கத்தலத்தை ஜியாரத் செய்வதே நோக்கம். பெற்றோரைப் பிரிந்தது தமக்கும் அவர்களுக்கும் பெருந்துயர் தந்ததென்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

தொடக்கத்தில் அவர் கல்நெஞ்சராக இருக்கவில்லை. பிஜாயா நகரில் காய்ச்சல் கண்டது. உடல் தேறும்வரை தங்குமாறு நண்பர் வேண்டினார். இறப்பு விதிக்கப்பட்டிருப்பின் அது ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே நேரட்டும் என்று கூறிப் பயணத்தைத் தொடர்ந்தார். துனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்தோரை அவ்வூரார் எதிர்கொண்டு ஸலாம் கூறித் தழுவினர். இவரை அறிந்தார் ஒருவருமில்லை. தனிமை தாளாமல் அந்த இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகரினுள் நுழையும்வரை பேசிக்கொண்டே வந்தார். வீட்டை நினைந்து இவர் கண்ணீர் சிந்திய செய்தி நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே வருகின்றது. பின்னர் அத்தகைய இடங்கள் அருகிப் போகின்றன.

துனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ்ஜுக் கூட்டத்துக்கு அவரே காழியாக அமர்த்தப்பட்டார். அதுவே அவர் பெற்ற முதற் பதவி. வழியில் மணமும் நடந்தது. மாமனாருடன் பிணக்கு நேர்ந்து அது மணமுறிவில் முடிந்தது. மீண்டும் ஒரு மணம் நடந்தது. அலெக்சாந்திரியாவில் புர்ஹானுத்தீன் என்னும் இறைநேசரைச் சந்தித்தார். நாடுகளைக் காணும் ஆசை இவரிடம் இருப்பதை அறிந்த அப்பெரியார், இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் வாழும் தம் சகோதரர் மூவருக்கு ஸலாம் எடுத்துச் செல்லுமாறு கூறினார். அந்த நாடுகளுக்குச் செல்லும் எண்ணம் அதுவரை தம் மனத்தில் இல்லை என்றும், அன்றுதான் அது விதையாக விழுந்ததென்றும் இப்னு பதூதா சொல்கிறார்.

1326ஆம் ஆண்டின் இறுதியில் ஹஜ்ஜு நிறைவேறியது. ஊரை விட்டுப் பதினேழு திங்களே ஆகியிருந்தன. பெற்றோரிடம் சொல்லிப் புறப்பட்ட காரியம் முடிந்துவிட்டது. ஆயின் மேற்கே திரும்பும் கூட்டத்துடன் அவர் செல்லவில்லை. ஈராக்கை நோக்கிச் செல்லும் கூட்டத்துடன் சேர்ந்துகொண்டார். ஹஜ்ஜுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. உலகைக் காண வேண்டும், அரசவைகளில் உயர வேண்டும் என்னும் ஆசைக்கு முடிவு நாள் கிடையாது. அன்னாரின் இல்லறக் கணக்கில் இழப்பெல்லாம் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

தில்லியின் செல்வாக்கு

1333ஆம் ஆண்டில் சிந்து நதிக்கரையை அடைந்தவர், அடுத்த ஆண்டு தில்லிக்குள் நுழைந்தார். முகம்மது பின் துக்ளக் அயல்நாட்டு அறிஞர்களுக்கு வாரி வழங்கிய காலம் அது. இப்னு பதூதாவுக்குத் தில்லியின் மாலிக்கி காழிப் பதவி கிடைத்தது. ஆண்டுக்குப் பன்னீராயிரம் தீனார் ஊதியம். அரசவையில் மதிப்போடு வாழ வேண்டுமே! பரிசளிக்கவும் பகட்டுக்காட்டவும் வணிகர்களிடம் கடன் வாங்கினார். அந்தக் கடன் ஐம்பத்தையாயிரம் தீனாராக வளர்ந்தது. சுல்தானே அதைத் தீர்த்துவைக்க நேர்ந்தது. பதவி உயர உயர, பதவியைக் காக்கும் செலவும் உயர்ந்தது. வீடு திரும்பும் நாளோ தள்ளிக்கொண்டே போயிற்று.

தில்லிக்கு வந்த சில வாரங்களில், ஓராண்டும் நிறையாத அவருடைய பெண்குழந்தை இறந்தது. சுல்தான் அப்போது ஊரில் இல்லை. வஸீரே முன்னின்று ஜனாஸாச் சடங்குகளைச் செய்வித்தார். அரச மரியாதைகள் குறைவின்றி நடந்தன. நூலில் அந்த மரியாதைகள் விரிவாக வருகின்றன.

தில்லியில் அவர் மணந்த ஒரு மனைவியின் பெயர் ஹூர்நஸப். இவ்வம்மையாரைத் தமிழ் மக்களாகிய நாம் சற்று நின்று நோக்க வேண்டும். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் நாட்டில் துக்ளக்கின் ஆளுநராக இருந்து, ஏறத்தாழ 1335ஆம் ஆண்டளவில் தனியரசு கண்டு, மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளே அவர். இரவெல்லாம் நின்று வணங்கும் நல்லாள் என்றும், வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் கணவர் குறித்திருக்கிறார். ஒரு பெண்மகவும் பிறந்தது. தாயையும் மகளையும் இறைவன் என்ன செய்தானோ, தாம் அறியவில்லை என்று அதே இடத்தில் முடித்துவிடுகிறார். எழுதத் தெரியாத அந்த அம்மையார் கணவருக்குக் கடிதம் எழுதியிருக்கவும் இயலாது.

இதே காலத்தில் மேற்கேயிருந்து ஒரு செய்தி வந்தது. முன்னர் டமாஸ்கஸ் நகரில் தாம் மணந்து, கருவுற்ற நிலையில் விட்டு வந்த மனைவிக்கு ஆண்மகவு பிறந்துள்ளது என்பதே அச்செய்தி. இந்தியாவிலிருந்து அக்குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொன் தீனார் அனுப்பிவைத்தார். நம் ஊர்களில் மாமனார் பெயருக்கு வரும் பணத்தை அறிந்தவர்களுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. பணம் புறப்பட்டது. தந்தை புறப்படவில்லை.

மாலத்தீவும் மதுரையும்

1342ஆம் ஆண்டு சுல்தானின் தூதராகச் சீனம் செல்லத் தில்லியிலிருந்து கிளம்பினார். கள்ளிக்கோட்டையில் புயலால் தூதுக் கப்பல் சிதைந்து, சீனப் பேரரசருக்குரிய பரிசுகள் அழிந்தன. தில்லிக்குத் திரும்பினால் சுல்தானின் சினத்துக்கு ஆளாகலாம் என அஞ்சினார். அந்த அச்சத்தை நாம் குறைகூற இயலாது. துக்ளக்கின் சினம் அத்தகையது. ஹூர்நஸப்பும் மகளும் இருந்த நகரம் இவ்வாறு அவருக்கு அடைபட்டது.

மாலத்தீவுக்குச் சென்றார். அங்கும் காழிப் பதவி, அங்கும் மணங்கள். மாலிமிகள் கேட்குமிடமெல்லாம் வந்து கரைசேர்ந்து, மணந்து, கப்பல் கிளம்புகையில் மணவிலக்குச் செய்து போவது அத்தீவுகளின் வழக்கமாக இருந்தது என்றும், அந்நாட்டுப் பெண்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை என்றும் அவரே எழுதுகிறார். மணவிலக்குப் பெற்ற பெண்கள் மறுமணம் வரை முன்னைக் கணவர் வீட்டிலேயே தங்கிவந்த வழக்கத்தை அவர் கடுமையாக ஒழித்தார். மீறிய ஆடவர்க்குக் கசையடியும் விதித்தார். பிறர் இல்லறத்துக்குத் தீர்ப்பு வழங்குவதில் அன்னார் சிறிதும் தளரவில்லை. தம் இல்லறத்தை விசாரிக்கும் காழி மட்டும் எங்கும் இருக்கவில்லை.

1344ஆம் ஆண்டில் இலங்கை வந்து, ஆதம் மலையை ஏறிக் கண்டு, அங்கிருந்து நம் கரையை நோக்கி வந்தார். கரையருகே மரக்கலம் உடைந்து உயிர் தப்பினார். அப்போது மதுரை சுல்தானாக இருந்தவர் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர். அதாவது இருவரும் சகலபாடிகள். மனைவியின் உடன்பிறந்தாள் அரசியாக இருந்த நாட்டுக்கு வந்தவர், சுல்தானிடம் முதன்மையாகப் பேசியது என்ன? மாலத்தீவின் மீது படையெடுக்கும் திட்டத்தை! சுல்தானும் அதற்கு இசைந்து கப்பல்களை ஆயத்தம் செய்யப் பணித்தார். தில்லியில் இருந்த மனைவியைப் பற்றி அங்கே விசாரித்ததாக நூலில் நாம் காணும் செய்தி எதுவுமில்லை.

அத்திட்டம் நிறைவேறவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் தாயும் மகனும் மாண்டனர். பின்னர் சுல்தானும் மறைந்தார். இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் புளியைக் கரைத்துக் குடித்து, வயிறு கழிந்து, உயிர் பிழைத்ததாகச் சொல்கிறார். சாவை அவ்வளவு அருகில் கண்ட பின்னும் பயணம் கிழக்கு நோக்கியே தொடர்ந்தது.

கிழக்கே செல்லும் முன் மாலத்தீவுக்கு ஒருமுறை மீண்டும் சென்றார். தாம் விட்டுச் சென்றபின் அங்கே பிறந்த மகனைக் காணும் பொருட்டு. சின்னஞ்சிறு பிள்ளை. தாய் வஸீரிடம் சென்று முறையிட்டாள். தகப்பனுக்குத் தடையில்லை என்றார் வஸீர். ஆயினும் பிள்ளை தாயிடமும் அவ்வூராரிடமும் இருப்பதே நலம் என்று கருதி, அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து நாள் தங்கி, வங்கத்துக்குக் கப்பலேறினார். இந்த ஐந்து நாள் அவருக்குப் பெருமை தருவதே. தம் வழி எத்தகையது என்பதை அறிந்து, பிள்ளையை அவ்வழியில் இழுக்காமல் விட்டார். அந்த மகனின் பெயரை அவர் சொல்லவில்லை.

சீனத்தில் ஒரு நாள் அல்புஷ்ரீ என்னும் செல்வரைச் சந்தித்தார். ஸலாம் கூறியபின் இவர் அம்மனிதரின் முகத்தையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தார். ஊர் எதுவென்று கேட்டபோது, தஞ்சாவுக்கு அடுத்த சப்தா என்று தெரிந்தது. அவர் அழுதார், இவரும் அழுதார். பல ஆண்டுகளுக்குப் பின் ஸஹாராவின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸாவில் அதே அல்புஷ்ரீயின் சகோதரர் வீட்டில் விருந்தினராகத் தங்கும் வாய்ப்பும் இவருக்குக் கிட்டியது. உடன்பிறந்தார் இருவருக்கும் இடையில் எத்துணைத் தொலைவு என்று வியந்து எழுதுகிறார். தமக்கும் தம் தாய்க்கும் இடையே இருந்த தொலைவும் அதுவே.

திரும்பிய வழியில்

1348ஆம் ஆண்டில் இப்னு பதூதா டமாஸ்கஸுக்குத் திரும்பினார். இருபதாண்டுகள் கழிந்திருந்தன. நேரே பள்ளிவாசலுக்குச் சென்று, மாலிக்கி இமாமைக் கண்டு, தம் மகனைப் பற்றி விசாரித்தார். அவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டான் என்றார் இமாம். கணக்கிட்டுப் பார்த்தால் அப்பிள்ளைக்கு அப்போது வயது பத்துக்கு மேல் இராது. தந்தை அனுப்பிய பொன்னை அவன் குடும்பம் கண்டிருக்கலாம். தந்தையை அவன் காணவில்லை.

அந்நகரின் மதரஸா ஒன்றில் தஞ்சாவைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் இருப்பதாக அறிந்து, அவரிடம் சென்று தம் பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தையார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்றும், தாயார் உயிருடன் இருக்கிறார் என்றும் அவர் கூறினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என்றால், மகன் சிந்து நதிக்கரையில் நின்று தில்லியின் செல்வத்தை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

அவ்வாண்டில்தான் கருஞ்சாவு எனப்பட்ட பெருங்கொள்ளைநோய் சிரியாவையும் எகிப்தையும் சூறையாடியது. டமாஸ்கஸில் ஒரே நாளில் இரண்டாயிரத்து நானூறு பேர் வரை மாண்டதாக அவர் எழுதுகிறார். மக்கா சென்று மீண்டும் ஹஜ்ஜை முடித்து, கெய்ரோ, துனிஸ் வழியாக 1349ஆம் ஆண்டில் தாய்நாட்டின் எல்லைக்குள் வந்தார். தாஸா என்னும் ஊரில் செய்தி காத்திருந்தது. தாயாரும் அக்கொள்ளைநோயில் மறைந்துவிட்டார். ஊரை அடைந்தபோது அவரால் செய்ய முடிந்தது தாயின் கப்றை ஜியாரத் செய்வது ஒன்றே. தாயாரின் பெயரும் நூலில் இல்லை.

1355ஆம் ஆண்டு இறுதியில் இப்னு ஜுஸைய் என்னும் எழுத்தாளரின் துணையால் ‘ரிஹ்லா’ நிறைவுற்றது. அந்த நூல் இல்லையேல் பதினான்காம் நூற்றாண்டு உலகைப் பற்றியும், மதுரை சுல்தான்களைப் பற்றியும் நாம் அறிவது மிகக் குறைந்துபோயிருக்கும். அன்னாரின் உழைப்புக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. அக்கடனில் ஒரு பங்கு அந்த வீட்டாருக்கும் உரியது.

மார்க்கம் வகுத்த எல்லை

மார்க்கம் பயணத்தைத் தடுக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தது. பயணம் ஊணையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை என்றும், வந்த காரியம் முடிந்தவுடன் வீட்டாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் புகாரீ, இமாம் முஸ்லிம் இருவரும் பதிவு செய்துள்ளனர். இரவெல்லாம் வணக்கத்தில் ஈடுபட்டு மனைவியை மறந்திருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, இறைவனுக்கும் உடலுக்கும் வீட்டாருக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்குமாறு ஸல்மான் (ரலி) அவர்கள் கூறிய செய்தியும், அதைப் பெருமானார் ஒப்பிய செய்தியும் நாம் அறிந்தவையே. வணக்கமே வீட்டாரின் உரிமையை விழுங்கலாகாது என்றால், வருவாய் அதை விழுங்கலாகுமா?

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இது அரசாணையாகவே மாறியது. இரவு நகர்வலத்தின்போது, போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் வருந்திப் பாடுவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்துணைக் காலம் பொறுப்பாள் என்று வினவினார்கள். அவர் சொன்ன காலத்துக்கு மேல் எந்தப் போர்வீரனையும் முனையில் நிறுத்தலாகாதென ஆணையிட்டார்கள். நான்கு மாதம் என்கின்றன சில அறிவிப்புகள். ஆறு மாதம் என்கின்றன வேறு சில. பேரரசுகளுடன் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டிலிருந்த பெண்ணிடம் கேட்டுப் படையின் தவணை வகுக்கப்பட்டது.

காணாமற்போன கணவனுக்காக நான்காண்டுகள் காத்திருந்த பெண் விடுபடலாம் என்ற உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை மாலிக்கி மத்ஹப் ஏற்றது. இப்னு பதூதா காழியாக இருந்து தீர்ப்பளித்ததும் அதே மத்ஹபின்படிதான். இந்திய நாட்டில் ஹனபி சட்டத்தின்கீழ் அத்தகைய பெண்களுக்கு வழி அடைபட்டிருந்தபோது, மௌலானா அஷ்ரப் அலி தானவி முதலிய உலமாக்கள் மாலிக்கி கருத்தின் துணையை நாடினர். அதன் பயனாகவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. கணவன் நான்காண்டுகள் இருக்குமிடம் தெரியாதிருத்தல், ஈராண்டுகள் பராமரிக்காதிருத்தல், தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் மணக்கடமைகளை நிறைவேற்றாதிருத்தல் ஆகியவை அதில் மனைவி விடுதலை கோரத்தக்க காரணங்கள். மூன்றாவதை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பராமரிப்புப் பணம் வேறு, மணக்கடமை வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது.

நம் முன்னோரும் இதை உணராதவரல்லர். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மணமகன் மணமகள் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நிலைபெற்றது. ஆண் கடல் கடந்த காலத்தில் பெண்ணும் பிள்ளைகளும் தாய்வீட்டின் நிழலில் இருந்தனர். ஆயினும் நிழல் வேறு, தந்தை வேறு. 1801ஆம் ஆண்டில் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளியும், 1826ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் எழுந்த சூலியாப் பள்ளியும் நம் சபராளிகளின் உழைப்புக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. அவர்களை எதிர்பார்த்திருந்த திண்ணைகளுக்கு அத்தகைய சான்று எதுவுமில்லை.

இன்றைய சபராளிக்கு இப்னு பதூதாவுக்கு இல்லாத வசதிகள் உண்டு. கைப்பேசியில் நாள்தோறும் பிள்ளையின் முகம் காணலாம். விமானத்தில் சில மணி நேரத்தில் ஊர் சேரலாம். ஆயின் அவரைத் தடுத்தது தொலைவு மட்டுமன்று. டமாஸ்கஸிலிருந்து தில்லிக்குச் செய்தி வந்தது. தில்லியிலிருந்து பொன்னும் சென்றது. வழி திறந்தேயிருந்தது. இன்னும் ஒரு நாடு, இன்னும் ஒரு பதவி என்னும் எண்ணமே ஒவ்வொரு முறையும் குறுக்கே நின்றது. வீட்டுக்குக் கூரை போட்டதும் வருகிறேன், தங்கை திருமணம் முடிந்ததும் வருகிறேன், கடை ஒன்று வைக்கும் அளவு சேர்ந்ததும் வருகிறேன் என்று நம்மவர் சொல்வதும் அதே எண்ணந்தான். அவற்றுள் ஒவ்வொன்றும் நியாயமானதே. எல்லாம் சேர்ந்து இருபதாண்டுகள் ஆகிவிடுகின்றன.

ஸபருக்குப் புறப்படும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, “எப்ப திரும்புவே, வாப்பா?” என்று உம்மா கேட்பது நம் வீட்டு வழக்கம். “இன்ஷா அல்லாஹ், சீக்கிரம் வர்றேன்” என்பதே பெரும்பாலும் விடை. அந்த ‘சீக்கிரம்’ என்னும் சொல்லுக்குப் பதிலாக ஒரு மாதத்தையும் ஓர் ஆண்டையும் சொல்லி, அதை வீட்டார் அனைவரும் அறியச் செய்து, இன்ஷா அல்லாஹ் என்று முடித்து, அதன்பின் பெட்டியைத் தூக்குவோமாக. தஞ்சாவிலிருந்து 1325ஆம் ஆண்டு புறப்பட்ட அந்த இளைஞர் தம் தாயிடம் சொல்லியிருக்கக் கூடியது ஹஜ்ஜு முடிந்ததும் வருவேன் என்பதே. அந்தத் தாய் இருபத்து நான்கு ஆண்டுகள் அதை எதிர்பார்த்திருந்தார்.